கங்காணியார் கூடைமேல் இன்னொரு கூடையா?

பழத்தை இரும்பில் தட்டினால் பழம்தான் உடைய வேண்டும். அன்று காலை இரும்புதான் ஒலித்தது.

ஈப்போவிலிருந்து வந்திறங்கிய சீனப் பழ வியாபாரி ஆ சேங் தவுக்கே, தம்முடன் திருப்பிக் கொண்டுவந்த கூடையிலிருந்து ஒரு மங்குஸ்தீன் பழத்தை எடுத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து அழுத்தினார். நல்ல பழமாயின் அந்த அழுத்தத்துக்கே தோல் பிளந்து வெண்சுளைகளைக் காட்டிவிடும். பேராக்கில் பால்குடி மறந்த குழந்தைக்கும் தெரிந்த வித்தை அது.

தவுக்கேயின் கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது. பழம் பிளக்கவில்லை. அவர் நடைமேடையிலிருந்து கீழே குதித்து (குதிப்பது விதிப்படி குற்றம், சொல்லியும் கேட்கவில்லை) பழத்தைத் தண்டவாளத்தின்மீது ஓங்கித் தட்டினார். கோயில் மணிபோல 'டங்' என்றது.

"இனி புவா கா, பத்து கா?" என்று என்னை அண்ணாந்து பார்த்துக் கேட்டார். இது பழமா, கல்லா என்பது கேள்வி.

நான் அந்த இரயில் நிலையத்தின் அதிகாரி. கூடை ஏறியதா, இறங்கியதா என்பதற்கு நான் பொறுப்பு. கூடைக்குள் இருப்பது பழமா, கல்லா என்பதற்கு அல்ல. இதனை அவருக்கு இலக்கணம் பிசகாத மலாயில் விளக்கினேன். இலக்கணத்தை அவர் பாராட்டியதாகத் தெரியவில்லை.

இதனை எழுதும் காரணம்

இத்தொடரில் இந்நிகழ்ச்சிக்கு இடமளிக்கும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. ஆனால் அண்மையில் ஈப்போவில் ஒரு திருமண வீட்டில், பந்தியில் எனக்கு எதிரே அமர்ந்திருந்த ஓர் அன்பர், "ஐயா அந்தக் காலத்துல ஒரு தோட்டத்துப் பொம்பளைக்குக் கூடை சுமந்தாராமே, மெய்யா?" என்று உரக்கக் கேட்டார். இலையிலிருந்து பல தலைகள் நிமிர்ந்தன. நான் இரசத்தில் கை வைத்திருந்தேன்; ஆகவே விடையளிக்கவில்லை.

இப்போது கை கழுவியாயிற்று. விடை இதுதான்: நான் கூடை சுமக்கவில்லை. சுமப்பது வேறு; அன்று நான் செய்தது வேறு. இந்த அத்தியாயத்தை முழுமையாகப் படிப்பவர்கள் வேறுபாட்டை அறிவார்கள். பாதியில் நிறுத்துபவர்கள் பந்தியில் பேசிக்கொள்ளட்டும்.

மலையிலிருந்து இறங்கும் வழி

காம்பாருக்குத் தெற்கே, தாப்பாவைத் தொடுமுன், அந்தச் சிறு நிலையம் இருந்தது. பெயர் சொல்ல மாட்டேன். மனிதர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பத்து காஜாவிலும் ஈப்போவிலும் நல்ல உத்தியோகங்களில் இருக்கிறார்கள்; தங்கள் பாட்டனார் ஒரு கூடைக்காக வெயிலில் நின்று தொண்டை கிழியக் கத்தியதை அவர்கள் இந்த வார இதழில் படித்து அறிய வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தில் கல்லூரிப் படிப்பை முடித்து, இலத்தீனிலும் தேர்ச்சி பெற்றுக் கப்பலேறிய என்னை நிர்வாகம் அங்கே அமர்த்தியது. இலத்தீனுக்கு அங்கே தேவை எழவில்லை. நாளுக்குச் சில வண்டிகள், மாலை தவறாத மழை, காற்றில் ஏதேனும் ஒரு வாசனை. பெரும்பாலான மாதங்களில் அது தோட்டத்து இரப்பர்த் தகடுகளின் புளித்த வாசனை. ஆனி, ஆடியில் பழ வாசனை.

இரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்த காலம் அது. சில குடும்பங்கள் ஊருக்குக் கப்பலேறின. சில குடும்பங்கள் கிழக்கே மலைச்சரிவில் ஆண்டு அனுமதியில் நிலம் பிடித்துக் குடிசை போட்டன. யாரோ ஒரு காலத்தில் நட்டுவிட்டுப் போன டுரியானும் மங்குஸ்தீனும் லங்சாட்டும் அந்தச் சரிவில் வானளாவ நின்றன. அவற்றினடியில் இவர்கள் வாழையும் அன்னாசியும் போட்டார்கள்.

பழம் சந்தைக்குப் போகும் வழி எளியது. மலையடிவாரம் வரை தலைச்சுமை. அங்கிருந்து நிலையம் வரை மாட்டுவண்டி. நிலையத்திலிருந்து காலை வண்டியின் கார்டு பெட்டியில் ஈப்போ. அங்கே ஆ சேங் தவுக்கேயின் ஆள் கூடைகளை இறக்கிப் பாசாருக்குக் கொண்டுபோவான். கார்டு பெட்டியில் பழத்துக்கென்று கிடைப்பது ஒரு மூலை மட்டுமே. ஆகையால் கூடைமேல் கூடையாகத்தான் அடுக்க வேண்டும். பயணிகள் பெட்டியில் டுரியான் ஏற்ற நான் அனுமதிப்பதில்லை. ஒருமுறை ஒரு துரைசானி அம்மையார் அதன் வாசனையில் மயங்கி என் மேசைமேல் சாய்ந்ததிலிருந்து அந்த வழக்கம்.

இந்த வழியில் எந்தச் சிக்கலும் இருந்திருக்கக் கூடாது. ஆனால் மாட்டுவண்டி ரெங்கசாமிக் கங்காணியாருடையது.

கங்காணியார்

மலையில் குடியேறிய அத்தனை பேரையும் முன்னொரு காலத்தில் ஊரிலிருந்து கப்பலில் அழைத்து வந்தவர் அவர்தான். அவர்கள் தோட்டத்தை விட்டபோது அவரும் விட்டார். மலையின் சிறந்த டுரியான் மரங்கள் அவருடைய பங்கில் அமைந்தன. எவ்வாறு அமைந்தன என்று யாரும் கேட்டதில்லை.

கறுப்புக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, கடிகாரம் இல்லாத கடிகாரச் சங்கிலி, மழையிலும் விரிக்கப்படாத ஒரு குடை. குடை நனையக் கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார்.

மலையையும் அவர் தோட்டமாகவே நடத்தினார். விடியுமுன் கொம்பு ஊதுவார். தோட்டத்தில் காலை வருகைக்கு வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். மலையிலும் பெரட்டு நடந்தது. சொந்தக் குடிசையிலிருந்து சொந்த மரத்துக்குப் போகிறவர்கள் ஏன் வரிசையில் நின்று பெயர் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்று நான் ஒருவனிடம் கேட்டேன். "கொம்பு ஊதுறாங்களே ஐயா" என்றான்.

வண்டிக்கும் ஒரு சட்டம் இருந்தது. கங்காணியார் கூடைக்கு மேல் வேறொருவர் கூடை இருத்தல் ஆகாது.

கோயிலில் முதல் திருநீறு யாருக்கு, பந்தியில் முதல் இலை யாருக்கு என்பதில் நம்மவர்க்குள்ள நுண்ணுணர்வு உலகறிந்தது. அதனை மாட்டுவண்டி வரை கொண்டுசென்றவரை நான் அங்கேதான் கண்டேன். உச்சியில் கங்காணியாரின் டுரியான். அதற்குக் கீழே அவருடைய மைத்துனரின் அன்னாசி. அதற்கும் கீழே சவரிமுத்துவின் லங்சாட். எல்லாவற்றுக்கும் அடியில், கடைசிக் கப்பலில் வந்து பெரட்டில் கடைசியாக நின்ற வீரையாவின் கூடை.

வீரையாவிடம் இருந்தவை மங்குஸ்தீன் மரங்கள்.

எந்த ஊர் வண்டிக்காரனும் கனத்தை அடியிலும் மென்மையை மேலும் வைப்பான். அது பாரம் பார்த்து அடுக்கும் முறை. எங்கள் நிலையத்துக்கு வந்த வண்டியோ ஆள் பார்த்து அடுக்கப்பட்டது. டுரியான் யானைமேல் அரசர்போல வரும். வழியில் பள்ளம் வரும்போதெல்லாம் அரசர் ஒருமுறை எழுந்து உட்காருவார். குடிகளுக்கு அது தெரியும்.

மங்குஸ்தீனின் குணம் விசித்திரமானது. அடிபட்டால் அது நசுங்கி ஒழுகுவதில்லை, இறுகிவிடுகிறது. ஈப்போ போய்ச் சேர்வதற்குள் தோல் மரக்கட்டையாகும். மஞ்சள் பால் உள்ளே இறங்கிச் சுளை கசக்கும். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. மனிதர்களிலும் அத்தகையோரை அறிவேன். அவர்களைப் பற்றிப் பிறிதோர் இடத்தில் எழுதியிருக்கிறேன்.

நாற்காலி வரிசை

மலைவாசிகளை மட்டும் நகைப்பது முறையாகாது. அதே காலத்தில் ஈப்போவில் நாங்கள் படித்தவர்கள் நடத்திய சங்கமொன்று இருந்தது. ஆண்டுவிழாப் புகைப்படத்துக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினோம். முன்வரிசையில் நாற்காலிகள், பின்வரிசையில் நிற்க வேண்டும்.

யாருக்கு நாற்காலி என்பதில் விவாதம் பிறந்தது. நாற்காலி பெற்றவர்களுக்குள், நடுவுக்கு யார் அருகில் என்பதில் இன்னொரு விவாதம். என்னைவிடத் தேர்வில் ஒரு வகுப்புக் குறைந்த ஒருவர் எனக்கு உட்புறமாக அமர்த்தப்பட்டார். நான் ஆட்சேபிக்கவில்லை. செயலாளரின் கவனத்துக்குக் கொண்டுவந்தேன், அவ்வளவே.

புகைப்படக்காரர் கறுப்புத் துணிக்குள் நுழைவதும் வெளியே வந்து விசிறிக்கொள்வதுமாக இருந்தார். கடைசியில் எல்லோரும் அமர்ந்தபோது வெயில் போய்விட்டது. படத்தில் கோட்டுகள் தெரிகின்றன, முகங்கள் தெரியவில்லை. நடுவில் இருப்பவர் யார் என்பது இன்றளவும் முடிவாகவில்லை.

அஞ்சலையின் வழக்கு

தண்டவாளத்துக்கு வருவோம்.

தவுக்கே மேலே ஏறி வந்து, அங்கே நின்ற வீரையாவின் கையில் அந்தப் பழத்தை வைத்தார். "லாகி சத்து காலி பத்து, ஹாபிஸ்" என்றார். இன்னும் ஒருமுறை கல் வந்தால் முடிந்தது. மங்குஸ்தீனுக்கு வேறு மலை பார்த்துக்கொள்வாராம். கங்காணியாரின் டுரியானைத் தொடர்ந்து வாங்குவார்; முள்ளுக்கு அடிபடுவது என்றால் என்னவென்று தெரியாது.

வீரையா தலையைச் சொறிந்தான். அவன் மனைவி அஞ்சலை சொறியவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே கங்காணியாரிடம் போனாள்.

"கங்காணியாரே, நாளைக்கு மட்டும் எங்க கூடைய மேல வச்சுக்கிறோம். ஒங்க டுரியானுக்கு என்னா ஆவப்போவுது? முள்ளுதானே."

"ஏம்மா, முள்ளுன்னா மரியாதி கெடயாதா?"

"மரியாதியத் தவுக்கே வாங்க மாட்டேங்குறாரே."

"வாங்காட்டிப் போறான். லயம் காலியாத்தான் கெடக்கு. மறுபடி ஆளு எடுக்குறாங்க. வந்து பேரு குடு, நான் சொல்லி விடுறேன்."

சவரிமுத்து குறுக்கிட்டான். அவன் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. "அக்கா, கவலப்படாத லா. கல்லுன்னே சொல்லி விப்போம். தொரைமாரு ரோடு போட வாங்குவாங்க."

அஞ்சலை சிரிக்கவில்லை. தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயம் என்ற சொல் அவள் முகத்தை மாற்றியிருந்தது. என் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரும் வழக்கம் அவர்களுக்கு இல்லை, நானும் அழைத்ததில்லை.

"ஐயா, எம் மாமியா லயத்துலதான் செத்தாங்க. அன்னிக்கும் கொம்பு ஊதுனாங்க. பொணத்தப் போட்டுட்டுப் போயி பெரட்டுல நின்னேன். தவுக்கே வாங்கலேன்னா அங்கதான் திரும்பிப் போவணும். நான் போ மாட்டேன். நீங்க படிச்சவங்க. கங்காணியாருக்கு ஏத்தாப்புல ஒரு வார்த்த சொல்லுங்க."

இது இரயில்வேக்கு உட்பட்ட விஷயம் அன்று என்று சொல்லியனுப்பினேன். அன்று முழுவதும் அந்தப் பெண்ணின் சொற்கள் என் அலுவலில் குறுக்கிட்டன.

உணவின்போது என் மனைவியிடம் கூறினேன். "கங்காணியிட்ட போய் ஞாயம் கதைச்சு என்ன பிரயோசனம்? ஞாயத்துக்கு அந்தாள் மசியுமே? பெருமையைச் சொல்லுங்கோ, மசியும். எல்லா ஆம்பிளையளும் அப்பிடித்தான்" என்றாள். கடைசி வாக்கியத்தை நான் பொருட்படுத்தவில்லை.

கீழ்ப் படுக்கை

மறுநாள் மாட்டுவண்டி வந்ததும் கங்காணியாரை அழைத்து, என் அறையில் நாற்காலி கொடுத்தேன். அவர் நுனியில் உட்கார்ந்தார். மற்றவர்கள் சன்னலில் கூடினார்கள்.

"கங்காணியார் இரவு அஞ்சல் வண்டியில் முதல் வகுப்புப் பெட்டியைப் பார்த்திருக்கிறீர்களா?"

"பாக்காம என்னாங்க? வெளிய நின்னு பாத்திருக்கேன்."

"அதில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படுக்கைகள் உண்டு. பெரிய துரையும் சின்னத் துரையும் சேர்ந்து பினாங்குக்குப் போனால், பெரிய துரை எதில் படுப்பார்?"

"மேலதானுங்களே. இதுல என்னா சந்தேகம்?"

"கீழே."

கங்காணியார் தலைப்பாகையைச் சரிசெய்தார். "கீழயா?"

"எப்போதும் கீழே. மேல் படுக்கை இளையவர்களுக்கு. ஏணி பிடித்து ஏறி, கூரை இடிக்கக் கிடக்க வேண்டியது அவர்கள் விதி. கீழ்ப் படுக்கை கிடைக்காவிட்டால் பெரிய துரைமார் பயணத்தையே ஒத்திவைப்பதுண்டு."

சன்னலில் சவரிமுத்து வாயைப் பிளந்தான். "அப்ப பெரிய தொரை மூஞ்சிக்கு நேரா சின்னத் தொரை காலு தொங்குமுங்களா?"

"தொங்கும்."

"அடி ஆத்தே!"

நான் கூறியதில் பொய்யில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். அக்காலப் பயணிகள் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனைக் கூடைகளோடு நான் தொடர்புபடுத்தவில்லை. தொடர்புபடுத்தும் வேலையைக் கங்காணியாருக்கே விட்டுவிட்டேன்.

அவர் சன்னல் வழியே மாட்டுவண்டியின் உச்சியைப் பார்த்தார். பிறகு எழுந்தார். வெளியே சென்றார். குடையை ஓங்கினார்.

"ஏண்டா, அறிவு கெட்டவனுங்களா! இத்தினி நாளும் என் கூடையத் தூக்கிச் சின்னத் தொரை எடத்துலயாடா வச்சீங்க? எறக்குங்கடா! அடியில வைங்கடா! எங்கூட வந்து இம்புட்டு வருசமாச்சு, மரியாதி தெரியல!"

எல்லோரும் மன்னிப்புக் கேட்டார்கள். கேட்டுவிட்டு இறக்கினார்கள். டுரியான் அடியில், அன்னாசி அதன்மேல், லங்சாட் அதற்குமேல், உச்சியில் பூப்போல அஞ்சலையின் மங்குஸ்தீன். அன்று கார்டு பெட்டியிலும், மறுநாள் முதல் மாட்டுவண்டியிலும் அதே வரிசை. அன்று ஈப்போ போய்ச் சேர்ந்த பழங்களில் பாதிக்குமேல் தவுக்கேயின் உள்ளங்கையில் வாய் திறந்தன என்று கார்டு திரும்பி வந்து சொன்னார். மறுநாள் எல்லாமே திறந்தன. அந்த வாரம் முழுவதும் திறந்தன.

இங்கே இந்த அத்தியாயம் முடிந்திருக்க வேண்டும். அறிவு ஒருமுறை வென்றால் தொடர்ந்து வெல்லும் என்று கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள்.

புதிய மரியாதை

கீழ்ப் படுக்கையின் பெருமை மலையேறியது. குடிசைதோறும் அதுவே பேச்சு. பெரிய துரை கீழே. சின்னத் துரை மேலே. இதுவரை அடியில் கிடந்து வருந்தியவர்கள், தாங்கள் அறியாமல் எத்தகைய உயர்ந்த இடத்தில் இருந்தோம் என்பதை எண்ணி வியந்தார்கள். அந்த இடம் பறிபோயிற்றே என்று வருந்தவும் தொடங்கினார்கள்.

எல்லோரினும் அதிகம் வருந்தியவன் வீரையா.

ஒரு காலை நடைமேடையில் அவன் குரல் கேட்டது. அந்தக் குரலை அதற்குமுன் நான் கேட்டதில்லை. பேசுவது அவன் பழக்கமன்று.

"நானும் நெலத்துக்காரன்தானே? எல்லாரு கூடைக்கும் ஒரு எடம் இருக்கு. எங்கூடை மட்டும் ஒசக்க, சின்னத் தொரைக்கும் சின்னத் தொரையா?"

"ஏய்யா, ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றாள் அஞ்சலை. "மேல இருக்கங்காட்டிதானே பழம் பழமா இருக்கு?"

"பழம் என்னாடி பழம். நேத்து கங்காணியாரு மைத்துனரு என்னயப் பாத்து, 'என்னா வீரையா, ஏணி போட்டு ஏறுனியா'ன்னு கேக்குறாரு. நாலு பேரு சிரிக்கிறாங்க."

"நாலு பேரு சிரிச்சா சிரிக்கட்டும். தவுக்கே சிரிச்சா லயத்துக்குத்தான் போவணும்."

வீரையா அசையவில்லை. கங்காணியார் அடியிடத்தை விட்டுத் தரமாட்டார். ஆகவே அதற்கு அடுத்த இடமாவது வேண்டும் என்றான். மைத்துனரும் அதனையே கேட்டார். சவரிமுத்து, வேடிக்கைக்காக என்று தொடங்கி, மெய்யாகவே தன் லங்சாட்டுக்கும் கேட்கலானான். அன்று வீரையாவின் குரல் ஓங்கியது. டுரியானின் முள்மேல் மங்குஸ்தீனும், அதன்மேல் அன்னாசியும் லங்சாட்டுமாக அடுக்கிய கார்டு பெட்டியோடு இரயில் புறப்பட்டது. வீரையா இடுப்பில் கை வைத்து நின்று, தன் கூடை நசுங்கும் இடத்துக்குப் போவதைப் பெருமிதத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலையில் கார்டு செய்தி கொண்டுவந்தார். கூடை முழுவதும் கல். தவுக்கே கூச்சலிடவில்லை, அது நல்ல அறிகுறியன்று. இடையில் ஒரு வாரம் நல்ல பழம் வந்ததற்காக நாளைக்கு இன்னும் ஒரு கூடை பார்ப்பாராம். அதுவும் கல்லாயிருந்தால் மறுநாள் முதல் தாப்பாப் பக்கத்து மலையிலிருந்து எடுக்க ஏற்பாடு செய்துவிட்டாராம்.

அஞ்சலையிடம் இதனை நானே கூறினேன். அவள் தலையாட்டினாள். நாளைக் காலை வண்டிக்கு ஈப்போ வரை மூன்றாம் வகுப்புச் சீட்டு ஒன்று வேண்டுமென்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. சீட்டுக் கேட்பவரிடம் காரணம் கேட்கும் அதிகாரம் எனக்கு இல்லை.

ஒரு கை

மறுநாள் மாட்டுவண்டி வழக்கத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டது. சண்டை அதற்கும் முன்னதாக வந்திருந்தது.

கூடைகள் நடைமேடையில் பரப்பிக் கிடந்தன. கங்காணியார் கீழ்ப் படுக்கை என்பது ஒருவருக்கே உரியது என்றார். மைத்துனர், முதல் வகுப்பில் கீழ்ப் படுக்கைக்கு எதிரே இன்னொரு கீழ்ப் படுக்கை உண்டா என்று என்னிடம் கேட்டுவரச் சொன்னார். உண்டு என்று சொன்னால் என்ன விளையும் என்பதை உணர்ந்து, அலுவல் இருப்பதாகச் சொல்லிவிட்டேன். வீரையா தன் கூடையைக் கங்காணியார் கூடைக்கு அருகே நகர்த்தினான். கங்காணியார் அதனைக் குடையால் தள்ளினார்.

"கூடைய தள்ளுற வேல வச்சுக்காதீங்க கங்காணியாரே!"

"யாரப் பாத்துடா பேசுற? ஒன்னயக் கப்பலேத்தி கூட்டியாந்தவன்டா நான்!"

"கப்பல்ல அடித்தட்டுலதானே போட்டீங்க? அப்ப அதுவும் பெரிய தொரை எடந்தானா?" என்றான் சவரிமுத்து.

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் கங்காணியாரின் தலைப்பாகை நடுங்கியது. அடுத்து என்ன பேசினார்கள் என்பதை வார இதழில் எழுத இயலாது.

காலை இரயில் வந்து நின்றது. அங்கே அது நிற்பது சிறுபொழுதுதான். தபால் பை ஏறி இறங்கும் நேரம். கார்டு தம் பெட்டிக் கதவைத் திறந்து, "என்னய்யா, ஏத்துறீங்களா இல்லியா?" என்று கத்தினார். ஒருவரும் திரும்பவில்லை.

அப்போதுதான் அஞ்சலையைப் பார்த்தேன். மாட்டுவண்டியில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த தன் மங்குஸ்தீன் கூடையை ஆண்களின் கால்களுக்கிடையிலிருந்து மெல்ல இழுத்து வெளியே கொண்டுவந்திருந்தாள். தலையில் சும்மாடு சுருட்டி வைத்திருந்தாள். சீட்டு முந்தானையில் முடிந்திருந்தது. கூடையைத் தூக்கப் பார்த்தாள். முழங்கால் வரை வந்தது, அதற்குமேல் வரவில்லை. நிறைந்த கூடையைத் தலையேற்ற இன்னொருவர் கை வேண்டும். இது சுமை அறிந்தவர் அனைவரும் அறிந்தது. கணவனைப் பார்த்தாள். அவன் கங்காணியாரின் முகத்துக்கு நேரே விரலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

என்னைப் பார்த்தாள்.

"ஐயா, ஒரு கை குடுங்க."

நான் வெள்ளை உடுப்பில், பித்தளைப் பொத்தான்களுடன், பச்சைக் கொடியோடு நின்றிருந்தேன். முதல் வகுப்புச் சன்னலில் ஒரு துரை பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வகுப்புச் சன்னலில், புகைப்படத்தில் எனக்கு உட்புறமாக அமர்ந்த அதே கனவான் இருந்தார். அவர் பத்திரிகை எதுவும் படிக்கவில்லை.

கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். அவள் மறுபக்கத்தைப் பிடித்தாள். கூடை அவள் தலையில் ஏறியது. அவள் நிமிர்ந்தாள். மூன்றாம் வகுப்பை நோக்கி அவளே நடந்தாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பந்தியில் கேட்ட அன்பர் இந்தப் பத்தியை இருமுறை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

விதி தெளிவானது. பயணி தாமே எடுத்துச் செல்லக்கூடிய பொருளை உடன் வைத்துக்கொள்ளலாம். கையால் என்றோ தலையால் என்றோ அதில் குறிப்பில்லை. மங்குஸ்தீனுக்கு வாசனைத் தடையும் இல்லை.

கார்டு கதவைச் சாத்தினார். நான் கொடியை அசைத்தேன். வண்டி நகர்ந்த பிறகுதான் வீரையா திரும்பினான்.

"எங்கூடை எங்க?"

சன்னலில் கூடையை மடியில் அணைத்தபடி அவன் மனைவி போய்க்கொண்டிருந்தாள். அவன் நடைமேடையின் கோடி வரை ஓடினான். அதற்கப்பால் ஓடுவது விதிப்படி குற்றம் என்று நான் கூவியதால் நின்றான்.

மற்றக் கூடைகள் நாள் முழுவதும் நடைமேடையில் கிடந்தன. கங்காணியாரின் டுரியானை ஒருவரும் கீழிடத்திலிருந்து அகற்றவில்லை. கீழ்ப் படுக்கை கிடைத்தது, வண்டிதான் கிடைக்கவில்லை. வெயில் ஏற ஏற அதன் மணமும் ஏறியது. நண்பகல் வண்டிக்குக் காத்திருந்த ஒரு துரை கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு என்னை நோக்கி வந்தபோது, எல்லாவற்றையும் மலைக்கே திருப்பி ஏற்றுமாறு ஆணையிட்டேன். எந்த வரிசையில் ஏற்றினார்கள் என்பதைப் பார்க்கவில்லை.

மாலை வண்டி

அஞ்சலை மாலை வண்டியில் வந்திறங்கினாள். கூடை காலியாக இருந்தது. வீரையா காலையிலிருந்து அங்கேயே, என் தண்ணீர்த் தொட்டியருகே குந்தியிருந்தான். எழுந்து வந்தான், பக்கத்தில் வராமல் சற்றுத் தள்ளி நின்றான்.

"தவுக்கே என்ன சொன்னார்?" என்று கேட்டேன். அலுவல் முறையில்தான் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல ஐயா. ஒண்ண எடுத்து அமுக்குனாரு. தொறந்துச்சு. தின்னாரு. இன்னொண்ண எடுத்துத் தின்னாரு. நாளைக்கும் வா, ஆனா நீயே வான்னாரு. ஆடி முடியிற வரைக்கும் எடுத்துக்கிறாராம்."

அவள் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. கண்கள் சிவந்திருந்தன, கால்கள் வீங்கியிருந்தன. லயத்துக்குப் போக வேண்டாம் என்பது மட்டும் அவள் நின்ற விதத்தில் தெரிந்தது.

வீரையா தொண்டையைச் செருமினான். "அப்ப நாளைக்கு நம்ம கூடை... கார்டு பொட்டியில யாரு கூடைக்கு மேல..."

"நாளைக்கும் நாந்தான் போறேன்" என்றாள் அஞ்சலை. "மடியில வச்சுக்கிட்டு. நீ மலையில இரு. கொம்பு ஊதுனா ஊதட்டும், நீ நிக்காத. மரத்துல ஏறு. அந்த உச்சிக் கெளையில நல்லாப் பழுத்ததுதான் இருக்கு. அத அடிக்காம, கையால பறிச்சு எறக்கு."

அவன் மறுநாள் பெரட்டுக்கு வரவில்லை என்றும், விடியுமுன்பே உச்சிக்கிளையில் இருந்தான் என்றும் சவரிமுத்து வந்து சொன்னான். கங்காணியார் மரத்தடியில் நின்று நெடுநேரம் கொம்பு ஊதினாராம்.

"எறங்குனானா?" என்று நான் அவர்கள் மொழியிலேயே கேட்டுவிட்டேன்.

"எங்க எறங்குறான்? அங்க இருந்து பாத்தா, கங்காணியாரு தலப்பா மட்டுந்தான் தெரியுதாம்."